டேங் மீனுக்குக் கல் உப்பு மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மீன்மேல் வெள்ளைப் புள்ளி கண்டால் தொட்டியில் ஒரு கைப்பிடி கல் உப்பைப் போட்டு ஹீட்டரை 30 டிகிரிக்கு ஏற்றிவிடலாம் என்று ஞாயிறு இணைப்பின் வண்ணமீன் பகுதியில் வந்திருந்தது. கோல்டு ஃபிஷுக்கும் மோலிக்கும் அது சரியான வைத்தியம்தான். ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் அந்தப் பகுதியைப் படிக்கிறார்கள். டேங் என்னும் கடல் மீன் வகையைச் சேர்ந்த பவுடர் ப்ளூ டேங்குக்கோ ப்ளூ டேங்குக்கோ யாராவது இதைச் செய்தால் மீன் மிஞ்சாது.

நன்னீர் மீனைப் பிடிப்பது இக்தியோப்தீரியஸ் என்ற ஒட்டுண்ணி. கடல் மீனைப் பிடிப்பது கிரிப்டோகாரியான். இரண்டும் பார்வைக்கு ரவை தூவியதுபோல் இருப்பதால்தான் இந்தக் குழப்பம். முன்னதுக்கு உப்பு ஆகாது. பின்னதோ லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள தண்ணீரிலேயே பிறந்து வளர்வது. மேலே ஒரு கைப்பிடி போட்டால் அதற்கு உறைக்கப் போவதில்லை. சூட்டை ஏற்றினால் அதன் பெருக்கம்தான் வேகமாகும். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 6.2 ஆகிவிடும். ஓயாமல் நீந்தும் டேங்குக்கு மூச்சு நிறைய வேண்டும். ஒட்டுண்ணி முதலில் அடைப்பதும் செவுளைத்தான்.

உப்பு போட்டதும் புள்ளி மறைந்தது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மீன்மேல் 3 முதல் 7 நாள் ஒட்டியிருந்துவிட்டு அது தானாகவே உதிர்ந்து, மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தச் சமயத்தில் எந்த மருந்தைப் போட்டாலும் குணமானதுபோலத்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு கூடும் வெடித்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் மீனைத் தேடி வரும். இரண்டாம் முறை வரும் புள்ளிகளை எண்ண முடியாது. பூண்டுச் சாறும் இதே கணக்குதான். தீனியில் ருசி கூட்டலாம், ஒட்டுண்ணியை ஒன்றும் செய்யாது.

டேங்குக்குச் செதில் மிகச் சிறியது, மேல்வழுவழுப்பும் மெல்லியது. அதனால்தான் அதன்மேல் புள்ளி முதலில் தெரிகிறது. பக்கத்தில் நீந்தும் க்ளவுன் மீன் தடித்த வழுவழுப்போடு சுத்தமாகத் தெரியும். அதுவும் நோயைச் சுமந்துகொண்டிருக்கும். எனவே புள்ளி கண்ட மீனை மட்டுமல்ல, தொட்டியில் உள்ள அத்தனை மீனையும் வெளியே எடுக்க வேண்டும். டேங்கை வலையில் பிடிக்காதீர்கள். வாலடியில் உள்ள கத்திமுள் வலையில் மாட்டிக் கிழியும், கையையும் பதம் பார்க்கும். பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

சிகிச்சைத் தொட்டிக்குச் சிறு டேங்கானால் 100 லிட்டர் போதும். மணல், கல் எதுவும் கூடாது; இரண்டும் மருந்தாகப் போடும் காப்பரை (தாமிரத்தை) உறிஞ்சும். ஒளிந்துகொள்ள மூன்று அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டுகள், இரண்டு ஏர் ஸ்டோன், ஒரு மூடி. ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கடையிலிருந்து புதிதாக வாங்கி மாட்டினால் அதில் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்காது, மூன்றாம் நாளே அமோனியா ஏறிவிடும். ஒரு ஸ்பாஞ்ச் எப்போதும் பெரிய தொட்டியின் சம்ப்பில் (கீழே உள்ள வடிகட்டும் தொட்டியில்) கிடக்கட்டும். நோய் வந்த அன்று அதை எடுத்துப் போடலாம்.

மருந்து காப்பர். கீலேட் செய்த (வேறொரு பொருளோடு பிணைத்து வீரியம் அடக்கிய) காப்பராக இருந்தால் லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். டேங்குக்குக் காப்பர் சட்டென்று ஒத்துக்கொள்ளாது, எனவே மூன்று நான்கு நாளில் சிறுகச் சிறுக அந்த அளவுக்கு ஏற்றுங்கள். அளவு எட்டிய நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒரு நாள் 2-க்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அந்த வகைக் காப்பருக்கு உரிய கிட்டாக இருப்பது முக்கியம். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பரைக் கலந்தே ஊற்ற வேண்டும். ஃபில்டரில் கார்பன் கூடாது. அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களையும் இதோடு சேர்க்காதீர்கள். சில காப்பரை நஞ்சாக்கிவிடும்.

உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தமும் காப்பர்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அதன் எடையில் கால் பங்குதான் காப்பர். கீலேட் செய்யாத காப்பருக்குத் தாங்கும் அளவு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அதாவது 100 லிட்டருக்கு மயில்துத்தம் 80 மில்லிகிராம். ஒரு சிட்டிகையே அதைப்போல் சில மடங்கு இருக்கும். எந்த வீட்டுத் தராசில் இதை நிறுப்பது? வயலுக்கு வைத்ததை வயலிலேயே விட்டுவிடுவது நல்லது.

பெரிய தொட்டியில் காப்பரைக் காட்டவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துவிடும். அதை மீனில்லாமல் 76 நாள், 27 டிகிரிக்குக் குறையாமல் ஓடவிடுங்கள். பெரும்பாலான கூடுகள் நான்கு வாரத்துக்குள் வெடித்துவிடும் என்றாலும், 72 நாள் தாக்குப்பிடித்ததும் பதிவாகியிருக்கிறது.

புள்ளியாக இல்லாமல் பொன்துகள் தூவியதுபோல் தெரிந்து, மீன் வெளிச்சத்துக்கு ஒதுங்கி வேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகும். மீன்களை அன்றைக்கே காப்பர் தொட்டிக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் வந்தபின் செய்வது. வராமலிருக்க, புதிதாக வாங்கும் எந்த மீனும் இந்தத் தனித்தொட்டியில் ஒரு மாதம் இருந்த பிறகே பெரிய தொட்டிக்குப் போக வேண்டும். சென்னை கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் வரும் பையில் அமோனியா சேர்ந்திருக்கும். பை பூட்டியிருக்கும்வரை கரியமில வாயு பி.ஹெச்.சை (கார-அமில அளவை) தாழ்த்தி வைப்பதால் அது அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் பி.ஹெச். ஏறி, அந்த அமோனியா நஞ்சாகிவிடும். எனவே திறந்த பையில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் பழக்கம் வேண்டாம். கடைத் தொட்டியின் உப்படர்த்தியை (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதே அளவில் வையுங்கள் (பல கடைகளில் 1.020-ஐ ஒட்டியிருக்கும்). பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு மீனை மட்டும் மாற்றுங்கள். பிறகு சில நாளில் 1.025-க்கு ஏற்றிக்கொள்ளலாம். வாங்குமுன் கடைக்காரரைத் தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வயிறு ஒட்டிய டேங்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். வீட்டில் எண்ணெய், உப்பு சேராத நோரிப் பாசித் தாளைத் தினமும் இரண்டு வேளை கிளிப்பில் மாட்டிவிட வேண்டும், கீரை ஈடாகாது.

வேதாரண்யம் உப்பில் கடல்நீர் தயாரிக்கலாமா என்பது இங்கே அடிக்கடி கேட்கும் கேள்வி. முடியாது. பாத்தியில் கால்சியம் முதலிலேயே ஜிப்சமாகப் படிந்துவிடும், மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். கையில் கிடைப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நாகை, காரைக்கால் கரையில் மொண்டுவரும் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து உப்புக் குறைந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் கடல்மீன் உப்பை லிட்டருக்கு 36 முதல் 38 கிராம் கரைத்து, ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு காட்டும் கருவியில்) பார்த்துக்கொள்வதே வழி.

ப்ளூ டேங் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி (ஏறக்குறைய 680 லிட்டர்), தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர், கரண்ட் போனால் ஓடும் பேட்டரி ஏர் பம்பு ஆகியவற்றுக்கு வழியில்லாதவர்கள் க்ளவுன் மீனோடு நிறுத்திக்கொள்ளலாம். அக்னி நட்சத்திரத்தில் சில்லர் இல்லாத தொட்டி 32 டிகிரியைத் தாண்டும்.

அடுத்த ஞாயிறு அதே பகுதியில் 'நன்னீர் மீன்களுக்கு மட்டும்' என்று மூன்று சொல் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சிலர்,
கும்பகோணம்.