ரப்பரை மாற்று, ரெக்சினை விடு

கும்பகோணம்,
வெள்ளி இரவு.

மாப்ளே,

உன் கடிதமும் நாலு போட்டோவும் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறார்கள். குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக்கூடாது, படிக்கக்கூடாது. உன் தங்கச்சி சொட்டு மருந்தும் கையுமாகப் பின்னாலேயே அலைகிறாள். இன்றைக்குத்தான் பேனாவைத் தொட விட்டாள்.

பெரிய மாமாவின் பாட்டுப் பெட்டி, அந்தப் பழைய கிராமபோன், கடைசியில் உன் கைக்கு வந்ததே, அது பெரிய சந்தோஷம். போட்டோவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எச்.எம்.வி. 102. 1931-ல் வந்த மாடல். சத்தம் வரும் குழாய் வெளியே தெரியாது, பெட்டிக்குள்ளேயே மடங்கிக் கிடக்கும். அதனால்தான் உங்கள் டவுன் கடைக்காரர் சொன்ன யோசனையைப் படித்ததும் முதலில் சிரித்தேன், அப்புறம் வயிற்றைக் கலக்கியது. புது ரெக்சின், ஊசியைப் பிடித்துச் சத்தம் எழுப்புகிற சவுண்ட் பாக்ஸும் புதுசு, மேலே பளபளவென்று ஒரு பித்தளைக் குழாய், நாய் படம் போட்ட ஸ்டிக்கர்! மாப்ளே, அந்தக் குழாய் வைத்த பெட்டி எல்லாம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறாய்? மும்பையிலும் டெல்லியிலும் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கிறதே, அதில் நிறைய போன தலைமுறையில் செய்த சரக்கு. புதுப் பெட்டி, புதுக் குழாய். உள்ளே சுற்றுவது மட்டும் உன் மாமாவுடையது மாதிரி நல்ல பெட்டியிலிருந்து பிடுங்கிய மோட்டார். ஒரு நிஜத்தைக் கொன்று ஒரு பொய்யை நிறுத்துகிற வேலை. அந்த ஆளிடம் பெட்டியைக் கொடுக்காதே.

ஆனால் உன் பையன் சொல்வதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கண்ணாடி அலமாரியில் வைப்பதுதான் மரியாதையாம். பார்க்க மட்டும் என்றால் சரி. நீயோ அதில் மாமாவின் இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்கணும் என்கிறாய். அங்கேதான் சிக்கல்.

என்னிடம் இருக்கும் அப்பாவின் எச்.எம்.வி. 101 பெட்டி ஞாபகம் இருக்கிறதா? நாலைந்து வருஷத்துக்கு முன்புவரை நானும் உன் பையன் கட்சிதான். அசல் சவுண்ட் பாக்ஸ், அசல் ரப்பர், அசல் ஸ்பிரிங் என்று பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். குரல் மேலே ஏறும் இடத்தில் எல்லாம் கரகரவென்று ஒரு சீறல் வரும். பழசு அப்படித்தான் இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் நாடகப் பாடகர் கிட்டப்பாவின் தட்டு ஒன்றைப் போட்டு எடுத்தபோது ஊசி முனையைச் சுற்றி சாம்பல் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டேன். கறுப்புத் தூள். தட்டின் தூள்.

அன்றைக்கே சவுண்ட் பாக்ஸைப் பிரித்தேன். நடுவில் மைக்கா தகடு, அதை இருபுறமும் தாங்க ரப்பர் வளையம். மைக்கா லேசாக ஆடினால்தான் சத்தம். அந்த ரப்பர் காலத்தில் இறுகி, எடுக்கும்போதே காய்ந்த வத்தல் மாதிரி நொறுங்கியது. தகடு அசையவில்லை என்றால் ஊசி என்ன செய்யும்? தட்டில் இருக்கும் கோட்டின் சுவரோடு மல்லுக்கட்டும். அதுவும் நூறு கிராமுக்குமேல் கனத்தோடு. அரக்கும் கல்தூளும் சேர்த்து வார்த்த தட்டு எத்தனை நாள் தாங்கும்?

கிட்டப்பா 1933-லேயே போய்விட்டார். அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தட்டுகளில்தான். ரப்பர் வளையம் இன்றும் கிடைக்கும், இல்லாவிட்டால் மெல்லிய டியூபை அளவாக வெட்டிப் போடலாம். தேய்ந்த கோட்டை யார் திருப்பித் தருவார்? அசல் ரப்பரைக் காப்பாற்றுகிறேன் என்று அசல் பாட்டைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

யோசித்துப் பார், மிருதங்கத்துக்கு வலந்தலையும் தொப்பியும் எத்தனை தடவை மாற்றுகிறார்கள். தாத்தா காலத்துப் பலாக்கட்டை என்று பெருமையாகக் காட்டுகிறவரிடம், தோல் புதுசு, அதனால் இது அசல் இல்லை என்று யாராவது சொல்வார்களா? தேய்வதற்கென்றே வைத்த பொருள் தோல். பாட்டுப் பெட்டியில் ரப்பரும் ஸ்பிரிங்கும் கிரீஸும் அந்த ஜாதி. ஊசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. மிச்சம் பிடிக்காதே.

தட்டைச் சுழற்றும் ஸ்பிரிங்கையும் மாற்றினேன். பாட்டின் நடுவில் உள்ளே "டொக்" என்று ஒரு உதை விழும், தட்டின் வேகம் ஒரு கணம் தடுமாறும். பழைய கிரீஸ் தாராக உறைந்து சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வந்த வினை. பிரித்தபோது நுனித் துளையருகே விரிசலும் இருந்தது. இதை மட்டும் நீ வீட்டில் செய்யாதே. அடைத்து வைத்த ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வந்தால் விரல் போய்விடும். என்னுடையதைப் பழகிய மெக்கானிக் ஒருவர்தான் எடுத்தார். பழைய ஸ்பிரிங்கும் நொறுங்கின ரப்பரும் தேதி எழுதிய கவரில் பெட்டியோடேயே இருக்கின்றன.

மேல்தோல் விஷயத்தில் மட்டும் நான் உன் பையன் பக்கம். என் மச்சினரின் குழாய் வைத்த பெட்டியை ஒரு கடையில் கொடுத்து வாங்கிய கதையை உன்னிடம் சொல்லவில்லை, வெட்கம். குழாயின் பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்து தங்க வார்னிஷ் அடித்துவிட்டார்கள். நிக்கல் பூச்சு போகும்வரை தேய்த்து, உள்ளே இருந்த பித்தளை பல்லிளித்தது. அதுகூடப் பரவாயில்லை. விற்ற கடையின் சின்னத் தகடு ஒன்று பக்கவாட்டில் ஆணியடித்து இருந்தது. அதைக் காணோம். கேட்டால், "துருப்பிடிச்சிருந்துச்சு சார், எடுத்துட்டோம்." எந்த ஊரில், யாரிடம் வாங்கினது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது.

வேடிக்கை என்னவென்றால், எச்.எம்.வி.யின் சின்னமான அந்த நாய் படமே கை வைத்த படம்தான். பராட் என்ற ஓவியர் முதலில் வரைந்தபோது நாய் கேட்டது உருளை போட்டுப் பாடும் போனோகிராபை. 1899-ல் கிராமபோன் கம்பெனி, எங்கள் மெஷினை வரைந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றது. மனுஷர் அதன் மேலேயே பெயின்ட் அடித்து மாற்றிக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால் அடியில் பழைய மெஷின் மங்கலாகத் தெரியுமாம். அழித்தவர்கூட முழுசாக அழிக்கவில்லை பார்.

உன் பெட்டிக்கு வருகிறேன். சவுண்ட் பாக்ஸ் கழற்ற வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். முறுக்காதே! அது துத்தநாகக் கலவையில் வார்த்ததாக இருக்கலாம். வார்ப்பில் ஈயம் கலந்துவிட்டால் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் அரித்து, உப்பி, விரியும். பலம் கொடுத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். அப்படியே எடுத்து வா, இங்கே நிதானமாகப் பார்க்கலாம். உதவாது என்றால் வேறு ஒரு பழைய சவுண்ட் பாக்ஸ் தேடிப் போட்டுவிட்டு, மாமாவுடையதைத் துணியில் சுற்றி வைப்போம். ரெக்சின் மூலையில் பிய்ந்திருப்பதைத் தொடவேண்டாம். சாவி கொடுத்துக் கொடுத்து மாமாவின் முழங்கை உரசின இடம்போல இருக்கிறது அது.

இன்னொன்று. மூடிக்குள் தட்டு சொருகும் இடத்தில் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருப்பது மூன்றாவது போட்டோவில் தெரிகிறதே, கவனித்தாயா? புதுக் கண்ணால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். "வாத்தியார் வீடு, தட்டு 2." அதற்குக் கீழே திரும்பி வந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. எந்த வாத்தியார் என்று அத்தைக்கு ஞாபகம் இருக்கிறதா, கேட்டு எழுது.

உன் பழைய ரூம்மேட்