மெழுகுச் சட்டிக்கு ஒரு மூடி கொடுங்கள்

எங்கள் வட்டாரத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளுக்கு,

வணக்கம். போன மாதம் நடந்தது உங்கள் எல்லோர் காதுக்கும் வந்திருக்கும். நான் மெழுகுத் தீயில் வெந்த ஓர் அக்காவின் கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

குச்சி முக்கும் மெழுகு தண்ணீரைப்போலக் கொதித்துக் காட்டாது. சத்தமில்லாமல் சூடேறும். வெண்புகை கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. சட்டி குப்பென்று பற்றியதும், கட்டை அடுக்கிக்கொண்டிருந்த, அதாவது குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்த அந்த அக்கா பதறிப்போய் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டார். மெழுகுக்கு அடியில் இறங்கிய தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை வாரி இறைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் ஆவியாகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முழங்கை வரை தெறித்த மெழுகு, வெள்ளை உறை மாட்டியதுபோல இறுகியது. எரிச்சல் தாங்காமல் பிய்த்தார். தோலும் சேர்ந்து வந்தது.

தீயில் ஊற்றிய தண்ணீரை அந்தக் கையில் 20 நிமிடம் ஊற்றியிருக்க வேண்டும். சொல்லித்தர ஆளில்லை. வருடக்கணக்காகக் கட்டை அடுக்கிய விரல்கள் இன்று ஒரு குச்சியைப் பிடிக்க மடங்கவில்லை.

நாங்கள் கேட்பது ஒரு மூடி. சட்டியை முழுதாக மூடும், நீளக் கைப்பிடி வைத்த இரும்பு மூடி. அடுப்பை அணைத்து மூடியைப் போட்டால் காற்றில்லாமல் தீ அடங்கிவிடும். பட்டறையில் கொடுத்தால் ஒரே நாளில் அடித்துத் தருவார்கள்.

குச்சி முனைக்கு வைக்கும் தீ மருந்து இருக்கும் அறை என்றால் எல்லோரும் பயப்படுகிறீர்கள், சரிதான். மெழுகை மட்டும் வீட்டு மெழுகுவர்த்தியாக நினைக்கிறீர்கள். 60 டிகிரியை ஒட்டி உருகுகிற பொருள், 200 டிகிரியை ஒட்டிப் போனால் அதன் ஆவியே பற்றிக்கொள்ளும். அதை நேரடித் தீயில் வைத்துவிட்டு, கண்ணால் பார்த்துச் சூட்டைச் சொல் என்கிறீர்கள். ஒரு வெப்பமானிகூட இல்லை. வெந்நீர்த் தொட்டிக்குள் சட்டியை வைத்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் மணல் வாளிக்குச் சிவப்பு வர்ணம் அடிக்கத் தெரிகிறது. அந்த வாளிக்குப் பக்கத்தில்தானே அக்கா எரிந்தார்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொட்டியும் வெப்பமானியும் சீக்கிரம் வரட்டும். மூடி இந்த வாரமே வேண்டும், ஒவ்வொரு சட்டிக்கும்.

தூக்கி வைக்கிற வேலையாவது கொடுத்தால் வருகிறேன் என்று அக்கா சொல்லி அனுப்பியிருக்கிறார். அவருக்கு வேறு வழியில்லை. அவர் வருவதற்குள் அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் மூடி இருக்கும்படி செய்யுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் வேலை செய்யும் ஒருத்தி