மேலே தொங்கியவன் கை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலியோடு இன்னும் சாரம் ஏறுகிறாயாமே, வெட்கமாக இல்லையா?

இந்தப் பருவத்தில் தொழில்நெறிப் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'நேர்மை என்றால் என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் நான்கு பக்கம் எழுதுகிறார்கள், எல்லாம் முந்தின இரவு மனப்பாடம் செய்தது. அதனால் போன வாரம் புத்தகத்தை மூடிவிட்டு, 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் நகர ஹோட்டலில் நடைபாலங்கள் விழுந்த கதையை எடுத்தேன். கூரையிலிருந்து வரும் ஒரே கம்பியில் இரண்டு பாலங்களும் தொங்க வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். அவ்வளவு நீளத்துக்கு நட்டு ஏறும் மரை போடுவது சிரமம் என்று கம்பியை இரண்டாக்கினார்கள். கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது.

பலகையில் வரைந்தேன், புரியவில்லை. வேப்பமரத்தில் கயிறு கட்டி இரண்டு பையன்களைத் தொங்கச் சொன்னேன். இருவரும் கயிற்றைப் பிடித்தவரை ஒரே சிரிப்பு. கீழே இருந்தவனைக் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவன் காலைப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து எண்ணுவதற்குள், "சார், கை வழுக்குகிறது!" என்று மேலே இருந்தவன் அலறினான். கயிறு என்னவோ அதே கயிறுதான். மேல்பாலத்து உத்தரத்தின் அடியில் இருந்த நட்டுக்கும் அவன் கையின் கதிதான். 114 பேர் செத்தார்கள்.

மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. அந்த இணைப்புக்கு மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை. பிறகு உரிமம் பறிபோனது.

"பார்க்காமலேயா சார் கையெழுத்துப் போட்டார்கள்?" என்றாள் ஒரு பெண். அப்போது என் மேஜையில் கையெழுத்துக்காக 62 ரெக்கார்டு நோட்டுகள் காத்திருந்தன.

அன்று மாலைதான் அவற்றைப் பிரித்துப் படித்தேன். கம்பி இழுவைச் சோதனையில் எல்லோருக்கும் ஒரே அளவீடு. கிராஃபில் புள்ளிகள் அடிக்கோல் வைத்தாற்போல் வரிசையாக நின்றன. நாமும் விடையிலிருந்து பின்னோக்கி அளவு எழுதியவர்கள்தானே! மறுபடி செய்யச் சொன்னேன். செய்தபோதுதான் தெரிந்தது, இயந்திரத்தின் முள் பாதியிலேயே சிக்கி நிற்கிறது. எத்தனை வருடமாகவோ! அத்தனை வருடமும் நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாதம் ஆய்வுக்குழு வருகிறது என்று துறைத்தலைவருக்கு என்மேல் கோபம். முள்ளைச் சரிசெய்ய ஆள் வரும்வரை நோட்டில் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும்.

நீ ஒருநாள் வா. கான்கிரீட் கட்டைச் சோதனை அறிக்கையில் கையெழுத்திட மறுத்து மாற்றல் வாங்கிய கதையை உன் வாயால் அவர்கள் கேட்கட்டும். பஸ் கட்டணம் கல்லூரி தராது. வீட்டில் வத்தக்குழம்பு உண்டு.

அன்புடன்,
ராகவன்