விஸ்டேரியா பூக்கலன்னு அடியோட வெட்டாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன கிழமை எங்க ரோட்டுல ஒரு வீட்டுல ஆறு வருஷமா வளந்த விஸ்டேரியாங்கிற, கொத்துக் கொத்தா பூ தொங்குற கொடிய அடியோட வெட்டிட்டாங்க, கேட்டா ஒரு பூ கூட வரலங்க, வெறும் எலதான்னு சொன்னாங்க. மனசுக்கு ரொம்ப கஷ்டமாப் போச்சு, அதான் எழுதுறேன்.

என் கொடியும் ஏழு வருஷம் பூக்கல. லீக்ஸ் பாத்திக்கு வாங்குன யூரியாவுல மிஞ்சுனதையெல்லாம் அதுக்குத்தான் போட்டேன், கொடி கூரைத் தகரத்துக்கு மேல ஏறி மழத்தண்ணி ஓடுற பீலிய நெளிச்சு வச்சிருச்சு. பிறகுதான் வெளங்குச்சு, இது நம்ம போஞ்சி, பட்டாணி குடும்பம், வேர் முடிச்சுல இருக்கிற கிருமி காத்துல உள்ள நைட்ரஜன பிடிச்சுக் குடுக்கும், அதுக்கு மேல நாமளும் யூரியா கொட்டுனா எலையும் கொடியுமாத்தான் ஓடும்.

எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து, அதாவது கிளைய அளவா வெட்டி விடுற வேல, செஞ்சவர். கொடிய சுத்திப் பாத்துட்டு, "தேயிலைய வெட்டாம விட்டா மரமாப் போயிரும், இத மட்டும் ஏன்டா சும்மா விட்டு வச்சிருக்க"ன்னு கேட்டாரு. அவரு சொன்னது சரிதான், இதுக்கு வருஷத்துக்கு ரெண்டு தரம் கவ்வாத்து வேணும். ஜூலை ஆகஸ்ட்ல, சாட்டை மாதிரி நீளமா ஓடுற புதுக் கொடிய அஞ்சாறு எல விட்டு வெட்டணும். ஜனவரி பெப்ரவரில எல கொட்டி நிக்கிறப்ப அதையே இன்னும் குறுக்கி ரெண்டு மூணு மொட்டோட நிறுத்தணும், அந்தக் கட்டக் குச்சியிலதான் பூ வரும். பூ மொட்டு உருண்டு தடிப்பா இருக்கும், எல மொட்டு ஒல்லியா கூரா இருக்கும், பாத்து வெட்டுங்க.

சின்னக் கன்னா இருந்தா ஒரே தண்ட மட்டும் நேரா ஏத்திட்டு பக்கக் கொடிகள கம்பியில படுக்க வச்சு கட்டுங்க, படுத்த கொடியிலதான் பூ நல்லா பிடிக்கும். மரக்குச்சி பந்தல் நாலு வருஷம் கூட தாங்காது, துரு பிடிக்காம நாகம் பூசுன இரும்பு பைப் (ஜீஐ பைப்)தான் சரி. சீனத்து வகை கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமா சுத்தும், ஜப்பான் வகை முள்ளு சுத்துற பக்கமாவே சுத்தும், அது போற பக்கமே விட்டுக் கட்டுங்க. காய் அவரைக்காய் மாதிரி தொங்கும், ஆனா காயும் விதையும் விஷம், சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுல காய பறிச்சு போட்டுருங்க.

கன்னு விக்கிறவங்க கிட்டயும் ஒண்ணு கேக்கணும். எனக்கு வித்தவங்க அது விதைக் கன்னா ஒட்டுக் கன்னான்னு சொல்லவே இல்ல. விதைக் கன்னு பூக்க 10, 15 வருஷம் கூட ஆகும், ஒட்டு கட்டுனதோ பதியம் போட்டதோ மூணு நாலு வருஷத்துலயே பூத்துரும். இத ஒரு சீட்டுல எழுதி கன்னுல கட்டி விட்டா வாங்குறவங்க பொறுமையா இருப்பாங்கல்ல, உங்க பத்திரிகையில இத கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க ஐயா.

யூரியாவ நிறுத்தி ரெண்டு வருஷம் ஒழுங்கா கவ்வாத்து வெட்டுனதுக்கு, இந்த மார்ச்ல என் கொடியில பதினோரு கொத்து. அப்பாதான் எண்ணுனாரு. வெட்டுன வீட்டுக்காரங்க கிட்ட கட்டைய தோண்டாதீங்கன்னு சொல்லியிருக்கேன், அது திரும்பத் துளிர்க்கும், ஒட்டுக் கன்னா இருந்தா மட்டும் ஒட்டுக்குக் கீழ வர்றத கிள்ளி எறிஞ்சிரணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நுவரெலியா.