இணையத்தளப் பயிற்சி நடத்துவோருக்கு: படிவத்திலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூரில் இணையத்தள வடிவமைப்பும் நிரலாக்கமும் கற்றுத்தரும் கல்லூரிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் படித்து வரும் பிள்ளைகள் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் பக்கம் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு பதிவுப் படிவத்தைச் சரியாக எழுதத் தடுமாறுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தை ஒரே ஒரு படிவத்துக்கு ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பெயருக்கு ஒரே பெட்டி போதும். குடும்பப்பெயரைத் தனியாகக் கேட்டால் நம்மவர்கள் எதை எழுதுவார்கள்? அடையாள அட்டையில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று இருக்கிறது. எழுத்துகளை மட்டும் ஏற்கும் விதியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால், அந்தச் சாய்கோட்டிலேயே படிவம் நின்றுவிடும். ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீராது. அதே பெயரில் சான்றிதழைச் சேமிக்கும்போது, சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை சர்வர் ஒரு கோப்புறை என்று எடுத்துக்கொள்ளும். அப்படியொரு கோப்புறை இல்லாததால் சேமிப்பு தோற்கும். கோப்புக்குப் பதிவு எண்ணையே பெயராக வைக்கப் பழக்குங்கள்.

அடையாள அட்டை எண் 12 இலக்கம், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களில் தொடங்கும். அதனால் 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு அது சுழியத்தில் தொடங்கும். தரவுத்தளத்தில் எண் வகையாக வைத்தால் அந்தச் சுழியம் போய்விடும். எழுத்து வகையாகவே வைத்து, கைப்பேசியில் எண்பலகை வருவதற்கு அந்தப் பெட்டிக்கு இன்புட்மோட் என்ற பண்பில் நியூமெரிக் என்று கொடுக்க வேண்டும். கைப்பேசி எண்ணுக்கு 10 இலக்கம் என்று வரம்பு கட்டினால், 11 இலக்கம் கொண்ட 011 எண்காரர்கள் பதியவே முடியாது.

பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பு, பெட்டியின் பெயரைக் காட்டும் லேபல் ஆகாது. தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். லேபலின் ஃபார் மதிப்பும் பெட்டியின் ஐடியும் ஒன்றாக இருந்தால், பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் பெட்டியின் பெயரைச் சொல்லும். பக்கத்தைப் பகுதி பிரிக்க உதவும் டிவ் உறுப்பைப் பொத்தானாக்குவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டேப் விசை அதில் நிற்காது, என்டர் தட்டினால் அசையாது. பட்டன் உறுப்பில் இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

அளவுகளையும் புதுப்பியுங்கள். 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல்தன்மை வழிகாட்டி, அதன் நடுநிலையான ஏஏ நிலையில் தொடும் இடத்துக்குக் குறைந்தது 24க்கு 24 பிக்சல் கேட்கிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1. பக்கம் எவ்வளவு விரைவாகப் பதிலளிக்கிறது என்பதை அளக்கும் கூகுளின் எஃப்ஐடி அளவீட்டின் இடத்துக்கு 2024 மார்ச்சில் ஐஎன்பி வந்துவிட்டது. அது 200 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும். பிரவுசரில் சரிபார்த்ததை சர்வரிலும் மீண்டும் சரிபார்க்க வேண்டும், இதில் விலக்கே கிடையாது.

தேர்வு நாளில் மவுஸைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். பிறகு மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசியில், ஏ/பி உள்ள பெயர், 00இல் தொடங்கும் அட்டை எண், ஒரு 011 எண். எங்காவது நின்றால் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனைக்கான மாதிரிப் படிவத்தை எழுதித்தர நாங்கள் தயார்.

அன்புடன்,
பிரிக்பீல்ட்ஸ் வட்டார இணைய நிரலாளர்கள் சிலர்