இரண்டு சட்டைகளையும் எடுக்கச் சொன்ன பாட்டிக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

வியட்நாமில் வேலை பார்க்கும் என் கணவர் வந்துவிட்டார். உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டார். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். விசாரித்த எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் செய்யலாம் என்றால் இன்னமும் பேச ஆரம்பித்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வியட்நாமில் நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. வியட்நாமும் சீனாவும் உரிமை கொண்டாடும் பாரசெல் தீவுகள் பக்கம் சீனா கொண்டுவந்து நிறுத்திய எண்ணெய்த் துரப்பண மேடையிலிருந்து பின் துவாங் மாகாணத்தில் ஆலைகள் எரிந்தது வரைக்கும் இப்போது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மே 13 ராத்திரி கடலூரில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. முந்தின நாள்தான் நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்திருந்தது. எந்தச் சேனலைத் திருப்பினாலும் யாருக்கு எத்தனை சீட் என்ற பேச்சுதான். இவரோடு வேலை பார்க்கும் ஆம்பூர்க்காரரின் மனைவி போன் செய்து, "அக்கா, அங்க கம்பெனியெல்லாம் கொளுத்துறாங்களாம், அண்ணன் பேசினாரா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும். இவர் போனைப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எல்லோரையும் பின்னால் சொல்கிறேன். முதலில் புதுச்சேரியில் இருக்கும் ஒரு பாட்டி. பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் பாட்டி என்றே எழுதுகிறேன்.

அன்று என் கையில் இருந்தது ஒரே ஒரு நம்பர். அவர் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஓனரம்மாவுடையது. போன லீவுக்கு வந்தபோது கேஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். போட்டேன், எடுத்தார்கள். அந்த அம்மாவுக்கு வியட்நாமி தவிர வேறு பாஷை தெரியாது. நான் கணவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் அடங்கின குரலில் ஏதோ நீளமாகச் சொன்னார். நல்ல சேதியா கெட்ட சேதியா என்றே பிடிபடவில்லை. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார்தான், "பாண்டிச்சேரியில சைகோன்காரங்க இருக்காங்கம்மா, அவங்க யாரையாவது புடிப்போம்" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் கோர்ட், கஸ்டம்ஸ், போலீஸ் என்று சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்கள். அங்கேயே பெண் எடுத்தவர்களும் உண்டு. 1975-இல் சைகோன் விழுந்த பிறகு பிரான்சுக்குப் போனவர்கள் போக, சில குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. வாத்தியார் தன் பழைய மாணவன் ஒருவனை எழுப்பினார். அவன் யாரையோ எழுப்பினான். இப்படிக் கை மாறி மாறி, ராத்திரி பதினொரு மணி தாண்டி பாட்டியின் வீட்டு நம்பர் கிடைத்தது.

யார், எவர், யார் சொல்லி அழைக்கிறாய் என்று பாட்டி கேட்கவில்லை. நான் அழுததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நம்பரைச் சொல்லும்மா, நிதானமா சொல்லு" என்றார். குறித்துக்கொண்டு தன் லேண்ட்லைனிலிருந்து வியட்நாமுக்குப் போட்டார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். முதலில் அவர் சொன்னது இது: "உன் வீட்டுக்காரர் வந்துட்டார். பின்சந்து வழியா இப்பத்தான் வந்தாராம். மாடியில லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருக்கார். நூடுல்ஸும் முட்டையும் குடுத்திருக்கா அந்த அம்மா. முட்டை சாப்பிடுவார்தானே?"

சாப்பிடுவார் பாட்டி. நான் அன்று பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. இப்போது சொல்கிறேன்.

போனை அவரிடம் கொடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். தெருவில் பைக் பைக்காகக் கூட்டம் போய்க்கொண்டிருப்பதால் ஓனரம்மா கேட்டை விட்டு நகரப் பயப்படுகிறார் என்றார் பாட்டி. வைக்கப் போனவர், கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உன் வீட்டுக்காரர் கம்பெனிச் சட்டையில ஏதாவது எழுதியிருக்குமா?"

எழுதியிருக்கும். இவர் டையிங் சூப்பர்வைசராக இருப்பது தைவான்காரர் நடத்தும் துணி ஆலை. ஊதா நிறச் சட்டை, பாக்கெட்டுக்கு மேலே கம்பெனிப் பெயர் சீன எழுத்தில் தைத்திருக்கும். மகளுக்கு அனுப்பின போட்டோ ஒன்றில் கேட்டுக்கு உள்பக்கம், தெருவைப் பார்த்த மாதிரி கட்டின துணிக்கொடியில் அந்தச் சட்டை தொங்கியது ஞாபகம் வந்தது. சொன்னேன். "வை" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

மீதியைப் பாட்டியும் என் கணவரும் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பாட்டி திரும்பக் கூப்பிட்டு, கொடியில் சட்டை தொங்குகிறதா என்று ஓனரம்மாவைக் கேட்டிருக்கிறார். தொங்குகிறது, இரண்டு தொங்குகிறது என்று பதில். இன்னொன்று கீழ் ரூமில் இருந்த மெக்கானிக் பையனுடையது. அவன் தைவான்காரன்கூட இல்லை, சீனாவிலிருந்தே வந்தவன். அதைச் சொல்லும்போது ஓனரம்மாவின் குரல் இறங்கிவிட்டதாம். அவனை வைத்திருப்பது தெரிந்தால் வீட்டையே கொளுத்திவிடுவார்கள் என்ற பயம். பயப்படாமல் யாரால் இருக்க முடியும்? பலகையில் சீன எழுத்து இருந்தால் போதும், தைவான் ஆலையா, கொரியாவா, ஜப்பானா, சிங்கப்பூரா என்று யாரும் நின்று பார்க்காத ராத்திரி அது. பாட்டி, "ரெண்டையும் எடுத்துடு. அந்தப் பையனையும் மாடிக்கு அனுப்பு" என்றிருக்கிறார். ஓனரம்மா இரண்டு சட்டைகளையும் உருவி, நாய் படுக்கும் சாக்குக்கு அடியில் திணித்துவிட்டுத்தான் போனையே வைத்தாராம்.

அதற்கப்புறம் அந்தக் கேட்டு முன்னால் நாலைந்து பைக் நின்றது. டார்ச் வெளிச்சம் வாசல் முழுக்க ஓடி, கொடி மேலும் ஓடியதை ஜன்னல் இடுக்கு வழியாக இவர் பார்த்திருக்கிறார். ஓனரம்மாவின் மகன், சிவப்பில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட அவர்கள் நாட்டுக் கொடியோடு வெளியே வந்து, இங்கே அந்த மாதிரி ஆள் யாரும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்தக் கொடி அவனுடையதேதான். அன்று காலையில் எண்ணெய் மேடையை எடு என்று கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனவர்களில் அவனும் ஒருவன்.

பாட்டி அன்று தூங்கவில்லை. நடுநடுவே அங்கே கூப்பிட்டு, இங்கே எனக்கும் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியற்காலையில் ஓனரம்மாவின் போனிலிருந்து இவரே பேசினார். அதற்கப்புறம்தான், "சரி, நான் போய்ப் படுக்கிறேன்" என்றார் பாட்டி.

இவர் வந்ததும் பண்ருட்டி பலாப்பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாகப் புதுச்சேரிக்குப் போனோம். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. இத்தனை வருஷம் இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு மனுஷி இருந்திருக்கிறார். ஐ.எஸ்.டி. செலவுக்கென்று இவர் நீட்டிய கவரைப் பாட்டி தொடவே இல்லை. பலாப்பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார், அதிலும் பாதி பக்கத்து வீடுகளுக்குப் போனது. சட்டையைப் பற்றிக் கேட்க எப்படித் தோன்றியது என்று பாட்டியிடம் கேட்டேன். "எழுபத்தஞ்சுல எங்க தெருவே துணியும் காகிதமும் எரிச்சுது பாப்பா. யூனிஃபார்ம் போட்டவன்லாம் ரோட்டுலயே கழட்டிப் போட்டுட்டு ஓடினான். துணியைப் பாத்துத்தான் ஆளைப் புடிப்பாங்க" என்றார்.

அங்கே தெரிந்துகொண்ட இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எனக்கு மனசு வராது. பாட்டிக்கு அந்தப் பாரசெல் தீவுகள் (வியட்நாமியில் ஹுவாங் சா) வெறும் செய்தி இல்லை. அம்மா வியட்நாம்காரர், அப்பா காரைக்கால். 1974 ஜனவரியில் சீனக் கடற்படை தென் வியட்நாமிடமிருந்து அந்தத் தீவுகளைப் பிடித்தபோது பாட்டி சைகோனில்தான் இருந்தார். அவர் தெருவிலிருந்து கப்பலில் போன பையன் ஒருவன் திரும்பவே இல்லை. நாற்பது வருஷம் கழித்தும் அவன் பெயரைச் சொல்லும்போது பாட்டிக்குக் கண் கலங்குகிறது. "ஹுவாங் சா எங்க தீவுதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்று அழுத்தமாகச் சொன்னார். அதே மூச்சில், "இந்த மெக்கானிக் பையனா வந்து புடிச்சான்?" என்றும் கேட்டார்.

தீவு விஷயம் கடலூர்க்காரிக்குப் புரியாததில்லை. கச்சத்தீவு இலங்கைக்குப் போனதும் அதே 1974-இல்தான், ஜூன் மாதம். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் படகைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று செய்தி வராத மாதம் ஏது? அதற்காகக் கோபப்படுவதை நான் ஒருநாளும் தப்பென்று சொல்லமாட்டேன். எண்ணெய் மேடைக்கு எதிராக வியட்நாம் ஜனங்கள் தெருவுக்கு வந்ததையும் சொல்லமாட்டேன். ஆனால் பின் துவாங்கில் ஆலையைக் கொளுத்தியதில் அந்த மேடை ஒரு அடி நகர்ந்ததா? இதை எழுதுகிற இந்த 2014 மே மாதத்திலும் அது அங்கேயேதான் நிற்கிறது. போனது அந்த ஊர்க்காரர்களின் வேலை. ஹா தின் மாகாணத்தில் உயிரே போனது. மேடையை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டவர்கள் யாரும் அந்த ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கவில்லை.

2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கை யாத்ரீகர்களை நம் பக்கத்தில் விரட்டினார்கள், பேருந்தில் கல் விழுந்தது. ஜெபமாலையோடு வந்தவர்கள் அவர்கள். அந்தப் பெண்களின் வீடுகளிலும் யாராவது என்னைப் போலப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் பேசி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இங்கே அப்படி ஒரு நாள் வந்தால், எங்கள் வாசலுக்கு வருகிறவரை எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்போம். எங்கள் தெருவில் கூட்டம் கூடினால் நான் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பேன்.

அந்த மெக்கானிக் பையன் பவெத் எல்லை வழியாகக் கம்போடியாவுக்குப் போய்விட்டான். அந்த வாரம் நூற்றுக்கணக்கான சீனர்கள் அப்படித்தான் தப்பித்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக இவருக்குத் தகவல் அனுப்பியிருக்கிறான். பாட்டியிடம் சொன்னபோது, "அவங்கம்மாவுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

மற்றவர்களுக்கும் என் நன்றி. ராத்திரியில் தன் மாணவர்களை எழுப்பிய வாத்தியார் ஐயாவுக்கும், அவரிடம் முகம் சுளிக்காமல் பேசிய அந்தத் தம்பிகளுக்கும், ஹோ சி மின் நகரத்து இந்தியத் துணைத் தூதரகத்தில் போனை எடுத்து என் உளறலைப் பொறுமையாகக் கேட்டுப் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் எழுதிக்கொண்ட அதிகாரிக்கும், ஏர்போர்ட் வரைக்கும் இவரைத் தன் காரில் கொண்டுவிட்ட ஆம்பூர் அண்ணனுக்கும், டிக்கெட்டுக்குக் கடன் கொடுத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் கொடு என்ற என் நாத்தனாருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் மகளுக்குச் சாப்பாடு கொடுத்த திருப்பாதிரிப்புலியூர் தெருக்காரர்களுக்கும், பாடலீஸ்வரர் கோயிலில் இவர் பெயருக்கு அர்ச்சனை செய்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரில் வந்து சொல்கிறேன்.

இந்த மடலை ஓனரம்மாவுக்குப் போனில் வியட்நாமியில் சொல்வதாகப் பாட்டி ஒத்துக்கொண்டிருக்கிறார். அதனால் அவருக்கு நேராகவே எழுதுகிறேன்.

அம்மா, அன்று நான் போனில் கத்தியதற்கு நீங்கள் சொன்ன பதில், அவர் இன்னும் வரவில்லை, வந்ததும் கதவைத் திறப்பேன் என்பதுதான் என்று இப்போது தெரிந்துகொண்டேன். சொன்னபடி திறந்தீர்கள். உங்கள் மகனுக்கு எங்கள் ஆசீர்வாதம். இந்த மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். மாடி ரூமுக்கு வேறு ஆள் வந்தால் தாராளமாகக் கொடுங்கள், இவருடைய பெட்டி மட்டும் கீழே ஒரு ஓரமாக இருக்கட்டும். ஆலையை எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை. திறந்து, இவர் திரும்பி வருவதாக இருந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார். அப்போது எங்களையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு மனைவியும் மகளும்
கடலூர், மே 2014