ஊசல் குண்டின் ஆரம்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் ஆய்வுக் குழுவின் குளிர்விப்புக் கருவி ஒருவழியாகச் சரியாகி, ஆறு மாதமாக நின்றிருந்த அளவீடுகள் மீண்டும் தொடங்கிவிட்டன என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மண்டலத்து இயற்பியல் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் கூடும் இரண்டு நாள் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடிந்த கையோடு எழுதினால் உன்னோடு பகிர்ந்துகொள்ள ஏதேனும் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கிறது.

முதல் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே நெளிந்து பரவும் ஈர்ப்பலைகள் பற்றிய உரை நன்றாக இருந்தது. அவற்றை உணரும் லைகோ கருவியின் 4 கிலோமீட்டர் நீளமுள்ள கைகளில், ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடப் பல நூறு மடங்கு சிறிய மாற்றத்தை 2015-இல் எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்று பொறுமையாக விளக்கினார்கள். ஆனால் அன்று முழுவதும் ஆய்வாளர்கள் முன்வரிசைகளிலும் ஆசிரியர்கள் பின்வரிசைகளிலும் அமர்ந்திருந்தார்கள்; கேள்விகளும் முன்வரிசைகளிலிருந்தே எழுந்தன. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

மறுநாள் நாற்காலி வரிசைகளை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டு, மேசைக்கு ஓர் ஆய்வாளரும் நான்கைந்து ஆசிரியர்களுமாக உட்கார வைத்தார்கள். எங்கள் மேசையில், விண்கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதுவதால் உண்டாகித் தரைக்கு வரும் மியூவான் என்னும் நுண்துகள்களை எண்ணும் சிறு கருவி ஒன்று இருந்தது. துகள் ஊடுருவினால் மெல்லிய ஒளியைச் சிந்தும் பிளாஸ்டிக் தகடு, பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுடையது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் வந்து விழுகிறது என்பதால், நிமிடத்துக்குச் சுமார் நூறு என்று எதிர்பார்த்தோம். முதல் நிமிடத்தில் 97, அடுத்ததில் 108, அதற்கடுத்ததில் 91 என்று வந்தது. பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய ஆசிரியை ஒருவர், "இவற்றில் எது சரி? மாணவர்களைப் பதிவேட்டில் எதை எழுதச் சொல்வது?" என்று கேட்டார்.

ஆய்வாளர் அந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிடவில்லை. இப்படித் தற்செயலாக வந்து விழும் துகள்களை எண்ணும்போது நூறுக்கு அதன் வர்க்கமூலமாகிய பத்து அளவுக்கு ஏற்ற இறக்கம் இயல்பு என்றும், மூன்றும் சரியே என்றும், ஒவ்வொரு நிமிடமும் அச்சடித்தாற்போல் 100 என்றே வந்திருந்தால்தான் கருவியைத் தாம் சந்தேகித்திருப்பார் என்றும் விளக்கினார். அந்த அம்மையார் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொன்னார். அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசல் சோதனையில் ஒரு மாணவிக்கு மூன்று முறையும் புவியீர்ப்பு முடுக்கம் 9.71 என்று வந்திருக்கிறது. மதிப்பெண் போய்விடும் என்று பயந்து, அலைவு நேரத்தைச் சிறிது குறைத்து எழுதி, பாடநூல் மதிப்பான 9.8 ஆக்கிவிட்டாள். பிறகு பார்த்தால், அவள் நூலை மட்டும் அளந்திருக்கிறாள். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும்; அவளோ குண்டின் ஆரமாகிய ஒரு சென்டிமீட்டரைச் சேர்க்கவில்லை. மொத்த நீளம் ஒரு மீட்டர் என்றால் ஒரு விழுக்காடு குறைந்து 9.71 வருவது முற்றிலும் நியாயமான விடை. அவளுடைய தவறு எங்கே இருக்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் அழித்தது அந்தத் தடயத்தைத்தான்.

இதைக் கேட்டபோது எனக்கு நம் கல்லூரி ஆய்வகம் நினைவுக்கு வந்தது. எடையைத் தொங்கவிட்டால் கம்பி எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் யங் குணகச் சோதனையில் ஒத்துவராத இரண்டு அளவீடுகளை நாம் இருவரும் கூடிப் பேசி அடித்துவிட்டோமே, நினைவிருக்கிறதா? கம்பி ஏன் அப்படி நீண்டது என்று நாம் அன்று கேட்கவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது என் மனத்தை உறுத்துகிறது.

அதன்பின் பேச்சு அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தின் மியூவான் சோதனைக்குப் போனது. மியூவானின் காந்தப் பண்பை அளந்த அந்தக் குழுவினர், விருப்பமான விடையை நோக்கித் தம் கை சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இறுதி விடையைக் கணக்கிடத் தேவையான, தம் கடிகாரத்தின் உண்மையான அதிர்வெண்ணையே தம்மிடமிருந்து மறைத்துக்கொண்டார்கள். குழுவுக்கு வெளியே இருந்த இருவர் மட்டுமே அதை அறிவார்கள், எண் உறையிலிடப்பட்டிருந்தது. பகுப்பாய்வு முழுவதும் முடிந்த பிறகு, 2021 பிப்ரவரியில்தான் உறையைத் திறந்தார்கள். ஏப்ரல் 7 அன்று முடிவை வெளியிட்டார்கள். விடை தெரியாமல் அளப்பதற்கு ஆய்வாளர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்கள். நாமோ விடையை முதலில் சொல்லிவிட்டு அளக்கச் சொல்கிறோம். குறை மாணவர்களிடம் இல்லை, நாம் மதிப்பெண் வழங்கும் முறையில் இருக்கிறது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். 9.8-க்கு எவ்வளவு அருகில் வந்தாய் என்பதற்குத் தரும் மதிப்பெண்ணை, உன் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம், ஏன் நம்பலாம் என்று எழுதுவதற்குத் தர வேண்டும்.

அந்த மேசையிலேயே ஒரு வழியும் கிடைத்தது. நூலின் நீளத்தை ஆறேழு முறை மாற்றி, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், நேர்கோட்டின் சாய்வு குண்டின் ஆரத்தைச் சேர்க்காவிட்டாலும் சரியான முடுக்கத்தைத் தந்துவிடும். கோடு ஆதிப்புள்ளி வழியாகச் செல்லாது. நீள அச்சைச் சுழிக்கு இடப்புறம் ஆரத்தின் அளவுக்குத் தள்ளி வெட்டும். மறைந்திருந்த ஒரு சென்டிமீட்டர் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். உன் ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, ஆறு வெவ்வேறு நூல் நீளங்களுக்கு இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து, வந்த எண்களை வந்தபடியே எனக்கு அனுப்பு. குண்டின் ஆரத்தைத் தனி உறையிலிட்டு ஒட்டி அதனுடன் வை. என் மாணவர்கள் தம் விடையையும் அதன் பிழை எல்லையையும் கரும்பலகையில் எழுதி முடிக்கும்வரை நானும் அதைத் திறக்கப் போவதில்லை.

அன்புடன்,
உன் ஆய்வகத் தோழன்